ஜேம்ஸ் ஆற்றின் அடிச்சேறு

நேயர்களுக்கு வணக்கம்.

தண்ணீர் கலங்கலாக இருந்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து, தண்ணீரை ஊற்றி மூடி வைப்பார்கள். விடிந்ததும் மேலே தெளிந்த நீர் நிற்கும், அடியில் மெல்லிய சேறு படிந்திருக்கும். அதை அலுங்காமல் மொண்டு குடிக்க வேண்டும். பானையை ஆட்டினால் எல்லாம் மறுபடி கலங்கிவிடும். ஒரு பெரிய ஆற்றையே இப்படி அலுங்காமல் விட்டுவைத்த கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் ஹோப்வெல் என்று ஓர் ஊர். அங்கே 'கெப்போன்' என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரித்தார்கள். அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. 1975-இல் ஒருவருடைய இரத்தத்தைச் சோதித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. ஆலைக் கழிவு போய்ச் சேர்ந்த ஊரின் கழிவுநீர் நிலையத்தில் கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களே செத்துப்போயிருந்தன. நஞ்சு ஆற்றிலும் கலந்திருந்தது. ஆலையை மூடினார்கள். அந்த ஆண்டு இறுதியில், சுமார் 160 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றில் மீன்பிடிக்கத் தடை வந்தது. அதையே நம்பிப் பிழைத்த மீனவர்களை நினைத்துப் பாருங்கள்.

சரி, ஆற்றைத் தூர்வாரிவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டால் செலவு நூறு கோடி டாலரைத் தாண்டியது. பணத்தை விடுங்கள். கெப்போன் தண்ணீரில் எளிதில் கரையாது. நுண்ணிய வண்டலில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். தோண்டினால் அந்தத் துகள்கள் கலங்கி எழும்பும், அள்ளிய சேற்றைக் கொட்டவும் இடம் வேண்டும். அதனால் அடிச்சேற்றை அப்படியே விட்டார்கள். மேலிருந்து வரும் புது வண்டல் ஆண்டுதோறும் அதன்மேல் படிந்தது. ஆற்றின் அடியில் குழாயை இறக்கி எடுத்த சேற்றில் இதைப் பார்க்க முடிந்தது: எழுபதுகளின் அடுக்கில் நஞ்சு உச்சத்தில், அதற்கு மேலே போகப் போகக் குறைவு. மீன்களிலும் அளவு இறங்கியது. 1988-இல் தடை முழுவதுமாக நீங்கியது.

இதைச் 'சும்மா விட்டுவிடுவது' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். முதலில் நஞ்சு வரும் வாயை அடைக்க வேண்டும். அது நடக்காமல் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்பது ஏமாற்று. அப்புறம் சேற்றையும் மீனையும் வருடக்கணக்கில் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். வண்டலும் வந்துசேர வேண்டும். தென் கரோலினாவின் ஹார்ட்வெல் ஏரியில் பிசிபி என்ற நஞ்சு படிந்திருந்தது. அங்கேயும் 1994-இல் இதே வழியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் மேலே ஓடையில் இருந்த அணைகள் வண்டலை மறித்துக்கொண்டிருந்தன. கடைசியில் இரண்டு அணைகளை இடித்து வண்டலுக்கு வழிவிட்டார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது: ஜேம்ஸ் ஆற்றில் கெப்போன் அழியவில்லை, புதைந்து கிடக்கிறது. பெரும் புயல் வந்து அடியைக் கிளறுமோ என்ற கவலை தீரவில்லை. நாளை கப்பல் வழிக்காக யார் தோண்ட வந்தாலும் முதலில் சேற்றைச் சோதிக்க வேண்டும்.

இதே நஞ்சைக் கரீபியத் தீவுகளான மார்ட்டினிக்கிலும் குவாதலூப்பிலும் 1993 வரை வாழைத் தோட்டங்களில் போட்டார்கள். அங்கே அது நிலத்தின் மேல்மண்ணில் கிடக்கிறது. அதை மூட வண்டல் வருவதில்லை. மழை பெய்தால் அரித்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. கரையோரத்தில் சில பகுதிகளில் இன்றும் மீன்பிடிக்க முடியாது.

வணக்கம்.