ஒப்புவித்தலும் ஒரு சுரைக்காயும்

தலைமை வகிக்கும் மதிப்பிற்குரிய ஆயர் அவர்களே, முன்வரிசையில் ஒரே சோபாவில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, சேகரத் தலைவர் ஐயா அவர்களே, அருட்சகோதரிகளே, சபை மூப்பர்களே, பாடகர் குழுப் பிள்ளைகளே, கதவோரம் நின்று தேநீர் எப்போது வரும் என்று எட்டிப் பார்க்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் மாலை வணக்கம்.

எனக்கு முன்பு பேசிய அம்மையார் என்னை வேத விற்பன்னர் என்றார்கள். அது அவர்களுடைய பெரிய மனது. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவது ஒன்றுதான் எனக்குத் தெரியும். சால்வை போர்த்திய பொருளாளருக்கு நன்றி. இந்தப் புழுக்கத்தில் ஒரு விசிறி தந்திருந்தால் இன்னும் இரண்டு நன்றி சேர்த்துச் சொல்லியிருப்பேன். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு என்ற இரண்டு சபையாரையும் ஒரே பந்தலின் கீழ் உட்காரவைத்த ஆயர் அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். இது லேசான காரியமில்லை. ஒருவர் பேதுரு என்றால் மற்றவர் வீட்டுப் பாட்டி இராயப்பர் என்பார். அங்கே பவுல், இங்கே சின்னப்பர். யோவானும் அருளப்பரும் ஒரே ஆள்தான் என்று எனக்குத் தெரியவே பத்து வயதாகிவிட்டது.

கொடுத்த தலைப்பு 'அப்போஸ்தலர் மரபும் வேத எழுத்தும்'. அதாவது, இயேசுவின் முதல் சீடர்கள் வாய்வழியாகக் கொடுத்ததும் வேதப் புத்தகத்தில் எழுதியிருப்பதும். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, எழுத்துக்கு முன்னால் வாய் இருந்தது. இரண்டு, வாயும் எழுத்தும் முட்டிக்கொண்டபோது என்ன நடந்தது. மூன்று, நான்காம் நூற்றாண்டில் பசிலியார் என்ற ஆயர் எழுதப்படாத மரபுகளைப் பற்றிச் சொன்னது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். ஆமாம், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. என் அம்மா அடுப்படியில் நின்று என்னைப் பார்த்துச் சொன்ன பழமொழி. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையனுக்கு அடுப்பு மூட்டத் தெரியவில்லை என்பது அவர் குறை.

கிட்டத்தட்ட இதையே இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருவர் சொன்னார். இன்றைய துருக்கியில் இருக்கும் எராப்போலி ஊரின் ஆயர் பப்பியா. மூப்பர்களோடு பழகியவர் யாராவது ஊருக்கு வந்தால் விடமாட்டாராம். அந்திரேயா என்ன சொன்னார், பேதுரு என்ன சொன்னார், தோமா என்ன சொன்னார் என்று கேட்டுத் துளைத்துவிடுவார். புத்தகத்தில் இருப்பதைவிட, உயிரோடு நிலைத்து நிற்கும் குரல்தான் தனக்கு அதிகம் உதவும் என்று எழுதினார். கவனியுங்கள், எழுதினார். ஒன்றில்லை, ஐந்து புத்தகம்! ஐந்தும் தொலைந்து போயின. குரலைப் பற்றி அவர் சொன்ன அந்த வரிகூட நமக்குக் கிடைத்தது, யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் அதை எடுத்து எழுதி வைத்ததால்தான். அதே யூசேபியு, இந்த மனிதருக்குப் புத்தி கொஞ்சம் கம்மி என்றும் அங்கேயே ஒரு வரி சேர்த்துவிட்டார். உபகாரமும் செய்து குட்டும் வைக்கிற ஆசாமிகள் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

வாய்தான் முந்தியது என்பதில் சந்தேகம் வேண்டாம். நம் கையில் இருக்கும் பவுலின் நிருபங்களில் முதலாவதை அவர் எழுதும்போது இயேசு சிலுவையில் அறையப்பட்டு ஏறக்குறைய இருபது வருடம் ஆகிவிட்டது. நான்கு சுவிசேஷத்தில் ஒன்றுகூட அப்போது எழுதப்படவில்லை என்றே பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். அதுவரை சபையின் கையில் இருந்தது பழைய ஏற்பாடு. இயேசுவைப் பற்றியதெல்லாம் பெரும்பாலும் வாயில்தான் இருந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், 11ஆம் அதிகாரம், 23ஆம் வசனத்தைப் பாருங்கள். 'நான் உங்களுக்கு ஒப்புவித்ததைக் கர்த்தரிடத்தில் பெற்றுக்கொண்டேன்.' பழைய மொழிபெயர்ப்பு இது. அந்த 'ஒப்புவித்தல்' என்ற சொல்லுக்காகவே மொழிபெயர்த்தவருக்கு மாலை போடலாம். ஒரு பொருளை ஒருவர் பொறுப்பில் விடுவதும் நமக்கு ஒப்புவித்தல். பையன் குறளை மனப்பாடமாக வாத்தியாரிடம் சொல்வதும் ஒப்புவித்தல். பவுல் இரண்டையும் சேர்த்தே செய்தார். கிரேக்கத்தில் பரதிதோமி என்பது வினைச்சொல். நாம் மரபு என்று சொல்லும் பரதோசிஸ் அதிலிருந்து வந்ததுதான். அப்புறம் ஒரு வேடிக்கை. அதே வசனத்தில் 'காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே' என்று வருகிறதே, அங்கேயும் கிரேக்கத்தில் இதே வினைச்சொல்தான். பவுல் செய்ததற்கும் யூதாஸ் செய்ததற்கும் ஒரே சொல். இதை ஒரு ஓரத்தில் முடிந்துவையுங்கள், திரும்பி வருகிறேன்.

சரி, வாய் என்றால் எல்லா வாயும் ஒன்றா? இங்கேதான் இரனேயு வருகிறார். பையனாக இருந்தபோது சிமிர்னா நகரத்தில் அவ்வூர் ஆயர் போலிகார்ப்பின் பேச்சைக் கேட்டவர். அந்தப் போலிகார்ப்பு யோவானோடு பழகியவர் என்று இரனேயு சொல்கிறார். பின்னால் லியோன் நகரத்தில் ஆயரானபோது, வழிமாறிப் போன பழைய நண்பர் புளோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். போலிகார்ப்பு உட்கார்ந்து பேசிய இடம், அவர் உள்ளே வரும் விதம், வெளியே போகும் விதம், அவர் உடல்வாகு எல்லாம் இப்போதும் கண்முன் நிற்கிறது. அதைத் தாளில் எழுதவில்லை, நெஞ்சில் எழுதிவைத்தேன் என்கிறார். படிக்கும்போது எனக்கு என் முதல் தமிழாசிரியர் சுண்ணாம்புக்கட்டியைப் பிடிக்கும் விதம் ஞாபகம் வரும்.

ஆனால் கி.பி. 180ஐ ஒட்டி அவர் எழுதிய பெரிய மறுப்பு நூலில் ஒரு சிக்கலைச் சொல்கிறார். இரகசிய ஞானம் பேசியவர்களை வேத வசனத்தைக் காட்டி மடக்கினால், "உண்மை எழுத்தில் இல்லை, உயிருள்ள குரலில் எங்களுக்குத் தனியாக வந்தது" என்றார்களாம். பப்பியாவின் வசனம் அப்படியே வேறு வாயில்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவர்களும் சொல்லிக்கொள்ளலாம் போலிருக்கிறதே. இரனேயுவின் பதில் பாமரனுக்கும் புரிகிற பதில். அப்போஸ்தலர்களுக்கு அப்படி ஒரு இரகசியம் தெரிந்திருந்தால், சபையையே யார் கையில் கொடுத்தார்களோ அவர்களிடம்தானே முதலில் சொல்லியிருப்பார்கள்? ரோமாபுரியில் கேள், சிமிர்னாவில் கேள், எபேசுவில் கேள். ஊரறியச் சொல்வதுதான் மரபு. காதோடு சொல்வது வேறு. வேதத்தைத் துண்டு துண்டாக எடுத்துக் கோக்கிறவர்களுக்கும் ஒரு உவமை வைத்திருக்கிறார். சிற்பி மணிக்கற்களால் அரசனின் உருவம் செய்து வைத்தான். ஒருவன் அந்தக் கற்களைப் பெயர்த்து நரியாக அடுக்கிவிட்டு, கற்கள் அதே கற்கள்தானே, இதுதான் அரசன் என்றானாம். கல் எப்படி அடுக்கப்பட வேண்டும் என்பது ஞானஸ்நானத்தில் பெற்ற விசுவாசத்திலிருந்து தெரியும் என்பது அவர் வாதம்.

இதே இரனேயு, இயேசு ஐம்பது வயதை நெருங்கும்வரை போதித்தார் என்றும் எழுதிவைத்திருக்கிறார். ஆசியாவில், அதாவது இன்றைய மேற்குத் துருக்கியில், யோவானோடு இருந்த மூப்பர்கள் சொன்னார்கள் என்று சாட்சியும் காட்டுகிறார். சபை அதை எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவர்கள் சொன்னார்கள் என்பதும் சில சமயம் வழுக்கும் படி.

முட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன். ஈஸ்டர் தேதிச் சண்டை ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் மரபையே காட்டின. அதை விட்டுவிடுகிறேன். 155 வாக்கில் போலிகார்ப்பும் ரோமாபுரி ஆயர் அனிசேத்தும் ஒத்துப்போகாமலேயே சமாதானமாகப் பிரிந்தார்கள், நற்கருணையை நிறைவேற்றும் பெருமையை அனிசேத்து விருந்தாளிக்கே கொடுத்தார் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். சோபாவில் இருவரும் சிரிப்பது தெரிகிறது. எனக்கு இது போதும்.

நான் சொல்ல வந்தது ஒயா ஊர்க் கதை. இன்றைய லிபியாவின் திரிப்போலி நகரம்தான் அன்றைய ஒயா. 403இல் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன், பெத்லெகேமில் இருந்த வேத அறிஞர் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. ஜெரோம் அப்போது எபிரேயத்திலிருந்து நேரடியாக இலத்தீனில் பழைய ஏற்பாட்டைப் புதிதாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அதுவரை சபைகளில் ஓதியது எழுபதின்மர் பதிப்பு என்னும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் அதிலிருந்து வந்த பழைய இலத்தீனும். ஒயா ஊரின் ஆயர் நல்ல மனிதர், புதுசு வந்திருக்கிறதே, வாசிக்கலாம் என்று ஜெரோமின் யோனா புத்தகத்தைக் கோவிலில் வாசிக்க ஏற்பாடு செய்தார். தீர்க்கதரிசி யோனா நினிவே நகரத்துக்கு வெளியே கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடவுள் ஒரு செடியை முளைக்கவைக்கிறார். என்ன செடி? ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டது, சுரைக்கொடி. நம் சுரைக்காய்தான் ஐயா! ரோமாபுரியின் கல்லறைக் குகைகளில் போய்ப் பாருங்கள், யோனா காலை நீட்டிப் படுத்திருப்பார், பந்தலில் நீளநீளமாகச் சுரைக்காய் தொங்கும். எழுத்துத் தெரியாதவனும் சுவரில் பார்த்த சுரைக்காய். ஜெரோமின் ஏட்டில் சுரைக்காய் இல்லை. ஐவி என்னும் சுவரேறும் கொடியைப் போட்டுவிட்டார்.

அவ்வளவுதான். கோவிலுக்குள் கலவரம். முக்கியமாகக் கிரேக்கர்கள் எழுந்து, இது பொய், இது பிழை என்று கூச்சல் போட்டார்கள். ஆயருக்கு வேறு வழியில்லை. ஊரில் இருந்த யூதர்களிடம் ஆளனுப்பி எபிரேயத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அவர்கள், பழைய கிரேக்கத்திலும் இலத்தீனிலும் இருப்பதுதான் எபிரேயத்திலும் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். தெரியாமல் சொன்னார்களோ, வேண்டுமென்றே சொன்னார்களோ என்று அகுஸ்தீனுக்கே சந்தேகம். ஆயர் சொல்லைத் திருத்தினார். திருத்தாவிட்டால் கோவிலில் ஆளே இருந்திருக்கமாட்டார்கள். ஜெரோமுக்கு இது பொறுக்குமா? எபிரேயத்தில் கீக்காயோன் என்று இருக்கிறது, அதை அப்படியே போட்டால் ஒருவருக்கும் புரியாது, சுரை என்று போட்டால் இல்லாததைச் சொன்னவனாவேன், அதனால் பழைய மொழிபெயர்ப்பாளர் சிலரைப் பின்பற்றி ஐவி என்றேன் என்று சூடாகப் பதில் எழுதினார். கீக்காயோன்! பெயரிலேயே ஒரு காய் இருக்கிறது, ஒயாக்காரர்களுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் இன்னும் சத்தம் போட்டிருப்பார்கள். உண்மையில் அது ஆமணக்கு என்று இன்று பலரும் சொல்கிறார்கள். நம் தமிழ் வேதாகமத்தில் ஆமணக்கு என்றுதான் இருக்கிறது. ஆக, சண்டை போட்ட இரண்டு பேருமே தப்பு.

இப்போது அம்மாவின் பழமொழியைத் திருப்பிப் போடுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, சரி. ஒயாவில் ஏட்டில் இல்லாத சுரைக்காய்க்காக ஒரு சபையே எழுந்து நின்றதே, எப்படி? ஒரு சொல் மாறினால் காது சுருக்கென்று உணர்ந்தது. அவர்களில் எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரிந்திருக்கும்? ஒருவர் வாசித்தார், எல்லோரும் கேட்டார்கள். வெளிப்படுத்தின விசேஷம் முதல் அதிகாரத்திலேயே 'வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்' என்றுதான் இருக்கிறது. வாசிக்கிறவன் ஒருமை, கேட்கிறவர்கள் பன்மை. எழுத்தும் மரபும் சந்தித்த இடம் அந்த வாசகனின் தொண்டை.

நான் ஏன் ஊர் ஊராக வாசகர் பயிற்சி, வாசகர் பயிற்சி என்று கத்திக்கொண்டிருக்கிறேன் என்பது இப்போது புரிகிறதா? போன தவக்காலத்தில் ஒரு கோவிலில் உட்கார்ந்திருந்தேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். வழிபாடு தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு பிள்ளையின் கையில் புத்தகத்தைத் திணித்தார்கள். அது பாவம், 'இரத்தப்பழி'யை 'இரத்தப்பலி' என்று வாசித்தது. ழகரம் போனதோடு பொருளும் போயிற்று. ஒரு தலை திரும்பவில்லை. எனக்கு முன்னால் ஒருவர் கைப்பேசியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒயாவாக இருந்தால் கூரை பிய்ந்திருக்கும்.

இப்போது முடிந்துவைத்ததை அவிழுங்கள். 303இல் தியோக்கிளேசியன் பேரரசன் வேதப் புத்தகங்களைப் பறித்து எரிக்க ஆணையிட்டான். மே 19ஆம் தேதி, இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் சிர்த்தா நகரில் அதிகாரிகள் சபை கூடும் வீட்டுக்குள் நுழைந்தார்கள். எழுதிய பட்டியல் இன்றும் இருக்கிறது. தங்கக் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, பெண்கள் அங்கி 82, பெண்கள் செருப்பு 47 ஜோடி. ஏழைகளுக்குக் கொடுக்க வைத்திருந்ததாக இருக்கும். புத்தகம் எங்கே என்றால், வாசகர்களிடம் இருக்கிறது என்றார் ஆயர். அவர்கள் வீடுவீடாகப் போனார்கள். ஒரு வீட்டில் 4, ஒரு வீட்டில் 5, ஒரு வீட்டில் 8. விக்டர் என்ற பள்ளி ஆசிரியர் வீட்டில் 2 புத்தகமும் கட்டப்படாத 4 ஏட்டுக் கட்டும். (ஆசிரியர் வீட்டில் மட்டும் எப்போதும் ஏதாவது பைண்ட் பண்ணாமல் கிடக்கும், என் மனைவியைக் கேளுங்கள்.) அப்படிக் கொடுத்தவர்களுக்கு ஆப்பிரிக்கச் சபை வைத்த பெயர் திராடித்தோர், ஒப்புக்கொடுத்தவர்கள். மரபைக் குறிக்கும் இலத்தீன் திராடிசியோவும் அதே வேரில் பிறந்ததுதான். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்பிரியான், விசுவாசத்துக்காக உதைபட்ட அவுரேலியு என்ற இளைஞனைத் தேடிப்பிடித்து வாசகராக ஏற்படுத்தினார். அதிகாரி முன்னால் கர்த்தரை அறிக்கையிட்ட அதே குரல் கோவிலில் வாசிக்கட்டும் என்றார். அவர்கள் வாசகரை அப்படித் தேர்ந்தெடுத்தார்கள். நாம் யார் முன்பெஞ்சில் இருக்கிறாரோ அவரைக் கூப்பிடுகிறோம்.

தலைவர் இரண்டாம் முறை கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஞாயிறு கூட்டத்தில் அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளை நேரம் இருக்கும்வரை வாசிப்பார்கள் என்று இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீன் என்பவர் எழுதியிருக்கிறார், அந்த 'நேரம் இருக்கும்வரை' எனக்கும் பொருந்தும். மூன்றாவதாகச் சொன்ன பசிலியாரை ஆயர் அவர்கள் அனுமதித்தால் அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம்.

வாசல் மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். பேனாவை நூலால் கட்டியிருக்கிறேன், எடுத்துப் போகமுடியாது. வாசிக்க விருப்பமுள்ளவர்கள், எந்தச் சபையானாலும், பெயர் எழுதுங்கள். சனிக்கிழமை மாலை 5 மணி, இதே மண்டபம், காசு கிடையாது, சுக்குக் காப்பி உண்டு. முதல் பாடம் யோனா 4. எல்லோரும் ஒருமுறை சத்தமாக வீட்டில் வாசித்துவிட்டு வாருங்கள். ஆமணக்கு என்றே வாசிக்கலாம். சுரைக்காயை அம்மா பெயரால் நான் கொண்டுவருகிறேன், கூட்டு வைக்கிற பொறுப்பு மகளிர் மன்றத்துக்கு. வணக்கம்.