அஞ்சறைப் பெட்டியின் பக்கம் நின்று

நடுவர் அவர்களே, கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்காகத் தெருவெல்லாம் வேப்பிலை கட்டியிருக்கும் இந்த நேரத்தில், கத்திரி வெயிலின் புழுக்கத்தையும் பொருட்படுத்தாமல் வந்து உட்கார்ந்திருக்கும் குடியாத்தத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

"தோலுக்கும் கூந்தலுக்கும் துணை நிற்பது அஞ்சறைப் பெட்டியா, அழகு நிலையமா?" என்பது தலைப்பு. நான் அஞ்சறைப் பெட்டிக்காகப் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி மூன்று கேள்விகளை வைத்துவிட்டுப் போனார். எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெந்துபோன ஒரு பெண்ணைத் தெரியும் என்றார். ஒரு ரூபாய்க்கு ஷாம்பு பாக்கெட் கிடைக்கும்போது சீயக்காய் எதற்கு என்றார். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அரைத்துக்கொண்டிருக்க நேரம் ஏது என்றார். மூன்றும் நியாயமான கேள்விகள்தான். பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நம் வேலூர் மீது கிடக்கிற ஒரு பழியைத் துடைத்துவிட்டு வருகிறேன்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய பட்டியல் உண்டு, இங்கே பாதிப் பேருக்கு மனப்பாடம். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அதிகாரம் இல்லாத போலீஸ் என்று அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் "அழகில்லாத பெண்கள்" என்று முடிப்பார்கள். நான் ஆறாவது படிக்கும்போது பஸ்ஸில் யாரோ ஒருவர் இதைச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என் அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. சாமி இல்லாத கோயில் என்றார்களே, 1981-ல் கோட்டைக் கோயிலின் ஜலகண்டேஸ்வரர் தன் கருவறைக்குத் திரும்பி வந்துவிட்டார். அந்த வரி அன்றைக்கே பொய்யாகிவிட்டது. பெண்களைப் பற்றிய வரியை மட்டும் ஏன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்?

பாலாறு மணலாகக் கிடக்க, சுற்றிலும் பாறை மலைகள் சூட்டைக் கக்க, அந்த வெயிலில் களை எடுத்த பெண்கள், செங்கல் சுமந்த பெண்கள் இவர்கள். வெயில் பட்டால் தோல் கறுக்கிறது. உள்ளே இருக்கும் மெலனின் என்ற நிறமி வெயிலின் கொடுமையைத் தான் வாங்கிக்கொண்டு, உள்ளே விடாமல் காக்கிறது. காவல் காக்கிற நிறத்தைக் குறை என்று சொல்லிக்கொடுத்தது யார்? 1975-ல் ஒரு முகப்பூச்சு, சிவப்புதான் அழகு என்ற அர்த்தத்தைப் பெயரிலேயே தாங்கிக்கொண்டு கடைக்கு வந்தது. "ஃபேர்" என்ற அந்த வார்த்தையைப் பெயரிலிருந்து எடுக்க 2020 வரை, 45 வருஷம் ஆயிற்று. அஞ்சறைப் பெட்டி ஒருநாளும் என்னிடம் "நீ கறுப்பு" என்று சொன்னதில்லை. நான் இந்த அணியில் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான். காசு மிச்சமாவதெல்லாம் பிறகுதான்.

என் அம்மா பீடி சுற்றியவர். இந்த ஊரில் பீடி சுற்றாத தெரு உண்டா? இலையை நனைத்து, அளவு பார்த்துக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி கணக்கு. புகையிலைத் தூள் பட்டுப் பட்டு விரல் நுனி பழுப்பேறும், நகக்கண் வெடிக்கும். சாயந்திரம் தட்டை இறக்கி வைத்ததும் அம்மா சோறு வடித்த கஞ்சியை வெதுவெதுப்பாக எடுத்துக் கையை அதில் ஊறவைப்பார். துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் நான்கு சொட்டு விட்டுத் தேய்ப்பார். ஒரு நாள் மறந்தால் எங்கள் ஆயா விடமாட்டார்: "இன்னாடி, கைய இப்டி காய வுட்டுகினு கீற? நாளைக்கு நூல் எப்டி கட்டுவ?" அழகு என்ற வார்த்தையே அந்தப் பேச்சில் வராது. நாளைக்கு வேலை செய்ய வேண்டிய கைக்கு இன்றைக்குச் செய்கிற மரியாதை அது. அதற்கு ஆன செலவு நாலு சொட்டு எண்ணெய்.

ஏன் தேங்காய் எண்ணெய் என்று பிற்காலத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதில் இருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, கிளையில்லாமல் நேரானது. அதனால் முடித்தண்டுக்கு உள்ளேயே நுழைய முடிகிறது. குளிப்பதற்கு முன் தடவினால் முடியிலிருந்து புரதம் கழன்று போவது குறைகிறது. மினரல் ஆயிலிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் இந்தக் குணம் தெரியவில்லை என்று 2003-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையே வந்தது. ஆயாவுக்கு லாரிக் அமிலம் தெரியாது. வெள்ளி, செவ்வாய் தலைக்கு ஊற்றுவதற்கு முன் எண்ணெய் வைக்காமல் விடக்கூடாது என்பது தெரியும்.

நாம் தோல் ஊர்க்காரர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்றாலே தோல்தான். என் தாத்தா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை செய்த காலத்தில் பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். வாரக்கணக்கில் ஊறும். பிறகு குரோமியம் என்ற ரசாயனம் வந்தது. வாரக்கணக்கில் ஊறிய தோல் ஒரு நாளிலேயே பதமாயிற்று. வேகம் வந்தது, பணமும் வந்தது, ஊரே பிழைத்தது. மறுக்கவில்லை. ஆனால் கழுவி விட்ட தண்ணீர் எங்கே போயிற்று? பாலாற்றுக்கும் நம் கிணற்றுக்கும் போயிற்று. 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. சீக்கிரம் பலன் தருகிறது என்று சொல்லி ஒரு பொருளை யாராவது கையில் கொடுத்தால், "உள்ளே என்ன இருக்கிறது? கழுவினால் எங்கே போகும்?" என்று கேட்க வேண்டிய முதல் ஆட்கள் வடாற்காட்டுக்காரர்களான நாம்தான்.

அதே ஆவாரைதான் நம் நலங்கு மாவுக்கும் வருகிறது. தோலைப் பதனிட்டது பட்டை. முகத்துக்கு வேண்டியது பூ. நம் மேட்டு நிலமெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது, பறிக்கக் காசு கேட்பார் இல்லை. நிழலில் உலர்த்துங்கள். எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன், தாய்மார்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: பாசிப்பயறு அரைக் கிலோ, கஸ்தூரி மஞ்சள் 100 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், காய்ந்த ஆவாரம்பூ ஒரு பெரிய கைப்பிடி, பன்னீர் ரோஜா இதழ் அதே அளவு, வெட்டிவேர் கொஞ்சம். மில்லுக்கு எடுத்துப் போகும்போது மிளகாய் அரைத்த மெஷினில் போட்டுவிடாதபடி நின்று பார்த்து அரைத்து வாருங்கள். வந்ததும் மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். திப்பி நின்றால் தோலைக் கீறும். அரவைக் கூலியோடு எனக்கு 300 ரூபாயைத் தாண்டியதில்லை. மூன்று பேர் வாரம் இரண்டு முறை தேய்த்துக் குளிக்க மூன்று மாதம் வருகிறது. எண்ணெய் வடிகிற முகத்துக்குத் தண்ணீரிலோ பன்னீரிலோ குழையுங்கள். வறண்ட தோல் என்றால் பாலேடு, அல்லது தயிர்.

மஞ்சளைக் கிழங்காகவே வாங்குங்கள். தூளாக வருவதில் நிறத்துக்காக மெட்டானில் மஞ்சள் சாயம் கலப்பவர்கள் உண்டு. கஸ்தூரி மஞ்சளை உடைத்தால் கற்பூர வாசனை அடிக்கும். கறி மஞ்சள் மாதிரிக் கறை பிடிக்காது.

இப்போது எலுமிச்சம்பழம். சகோதரி சொன்னது முழுக்க உண்மை, என் அணிக்காக அதை மறைக்க மாட்டேன். நம் தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது, அதன் பிஎச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது. இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமை என்று அர்த்தம். அதைத் தடவிக்கொண்டு நம்மூர் வெயிலில் போனால் கொப்பளம் வரும், அது ஆறினாலும் கறுப்புத் தடம் மாதக்கணக்கில் நிற்கும். சமையல் சோடாவும் அப்படித்தான், அது எதிர்ப்பக்கம் இழுத்துத் தோலை உலர்த்திவிடும். பருவுக்குப் பற்பசை வைப்பதும் வேண்டாத வேலை. நாக்குக்கு ஆகிறதெல்லாம் முகத்துக்கு ஆகாது. ஆனால் நடுவர் அவர்களே, எலுமிச்சையை முகத்தில் தேய்க்கச் சொன்னது எந்த ஆயா? எங்கள் ஆயா அதை ஊறுகாய்தான் போட்டார். செல்போனில் யாரோ அரை நிமிஷம் சொன்னதைப் பாட்டி வைத்தியம் என்று நம்பினால், பழி பாட்டி மேல் விழுகிறது. புதிதாக எதைச் செய்தாலும் முழங்கையின் உள்பக்கத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாது. மஞ்சளே ஆகாதவர்களும் உண்டு.

ஷாம்பு பாக்கெட்டுக்கு வருகிறேன். பாட்டில் வாங்க முடியாத ஏழைக்கும் கிடைக்கட்டும் என்று சின்னப் பாக்கெட்டில் அடைத்துக் கொடுத்த யோசனை நம் கடலூரில் பிறந்தது. அந்த மனிதர் சின்னிகிருஷ்ணனை நான் வணங்குகிறேன். அவசரத்துக்கு நானும் வாங்குகிறேன். ஆனால் பக்கத்தில் இருக்கிற தாய்மார்களைக் கேளுங்கள், நம்மூர் போர் தண்ணி எப்படி? வாளியில் வெள்ளையாகப் படிகிறதே, அது சுண்ணாம்பு உப்பு. அந்தத் தண்ணியில் சோப்புப் போட்டால் நுரை வராது, திரிந்து பிசுபிசுவென்று முடியில் ஒட்டும். சீயக்காயில் இருப்பது சபோனின், தானாகவே நுரைக்கும் ஒரு பொருள். அது சோப்பைப் போல உப்போடு சேர்ந்து திரியாது, அழுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். ஒன்று மட்டும்: எண்ணெய் வைக்காத தலையில் சீயக்காய் போட்டால் முடி வறண்டு நார் மாதிரி நிற்கும். எண்ணெய் வைத்து, வடித்த கஞ்சியில் சீயக்காயைக் கரைத்து ஊற்றிப் பாருங்கள். கஞ்சியின் வழுவழுப்பும் செம்பருத்தி இலையின் கொழகொழப்பும் செய்கிற வேலையைத்தான் கண்டிஷனர் என்று தனிப் பாட்டிலில் விற்கிறார்கள். சீயக்காய் வேண்டுமென்றால் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிற மலைக்காரர்களிடம் வாங்குங்கள். அந்தக் காசு ஒரு மலைக் குடும்பத்துக்குப் போகும்.

நேரம்? விடிவதற்கு முன் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற பெண்ணிடம் போய் அம்மியில் அரை என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அன்றைக்கு வீட்டு ஆண்கள் மில்லுக்குப் போய்வரட்டும்.

கடைசியாக ஒன்று. என் சின்னம்மா மகளுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். மாநிறமான பெண். "கொஞ்சம் கலர் கம்மி" என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவள் ஒரு மருந்துக் கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போட்டாள். இரண்டே வாரத்தில் முகம் வெளுத்தது, எல்லோரும் புகழ்ந்தார்கள். மூன்றாவது மாதம் முகம் ரத்தச் சிவப்பாகி, பரு வெடித்து, கன்னத்தில் முடி முளைத்தது. வேலூரில் தோல் டாக்டரிடம் ஓடினோம். டியூபின் பின்னால் பொடி எழுத்தில் இருந்தது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு கண்டிப்பாகச் சொன்ன மருந்து. நிறுத்தியதும் முதல் சில வாரம் இன்னும் மோசமாகச் சிவந்தது. அந்த மாதங்களில் நலங்கு மாவையும் தொடாதே என்றார் டாக்டர், தொடவில்லை. புண்பட்ட தோலுக்கு வைத்தியர்தான் வேண்டும். அஞ்சறைப் பெட்டி அங்கே ஒதுங்கி நிற்க வேண்டும். இன்னொரு கொடுமையும் இருக்கிறது: 2023-ல் கேரளத்தின் மலப்புரம் பக்கம், வெளுப்பதற்காகப் பூசிய க்ரீமால் சிறுநீரகம் பழுதானவர்களை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். உள்ளே இருந்தது பாதரசம்.

நம் கோட்டையை நினைத்துப் பாருங்கள். நெற்றியில் குறி இடக்கூடாது, தாடியை மழி, மீசையை நாங்கள் சொல்லும் அளவுக்குக் கத்தரி, தோல் பட்டை வைத்த தொப்பியைப் போடு என்று அங்கிருந்த நம் சிப்பாய்களுக்கு வெள்ளைக்காரன் உத்தரவு போட்டான். 1806 ஜூலை 10 அன்று அந்தச் சிப்பாய்கள் உயிரைக் கொடுத்து எழுந்தார்கள். என் முகத்தில் என்ன இருக்க வேண்டும் என்று இன்னொருவன் முடிவு செய்யக் கூடாது என்பதும் அந்தக் கோபத்தில் இருந்தது. அந்த மண்ணின் பெண் பிள்ளை, "கலர் கம்மி" என்ற ஒரு சொல்லுக்கு ஏன் முகத்தைக் கொடுக்க வேண்டும்?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரு நிமிஷம் கொடுங்கள்.

அவள் முகம் தேற ஒரு வருஷம் பிடித்தது. பழைய மாநிறம் திரும்பி வந்தது. போன தை மாதம் அவளுக்குக் கல்யாணம், அந்த நிறத்தைப் பார்த்தே சம்மதித்த மாப்பிள்ளை. முதல் நாள் பலகையில் உட்காரவைத்து நலங்கு வைத்தோம். மூத்த சுமங்கலி என்று என் அம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். பீடி நூல் அறுத்த தழும்பு இன்னும் விரலில் இருக்கிறது. அந்தக் கையால் மாவைக் குழைத்து, அவள் இரண்டு கன்னத்திலும் தடவினார். சுற்றி நின்ற நாங்கள் யாரும் பேசவில்லை.

அன்றைக்கு அரைத்த மாவில் மிச்சம், இதோ இந்த டப்பாவில் மேஜை மேல் இருக்கிறது. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்து பாருங்கள், ஐயா.