சொல்லிடாதீங்க சிஸ்டர்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் முப்பது வருடத்துக்கும் மேலாக நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எந்த வார்டில் இருந்தாலும் நோயாளியின் வீட்டார் என்னிடம் கெஞ்சிக் கேட்டது ஒன்றைத்தான்: "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர்."

ஏற்காட்டில் காபித் தோட்டத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர். புகையிலை போட்ட வாய். ஆறாத புண்ணைப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. மகன் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "வெறும் புண்ணுன்னே சொல்லுங்க, தெரிஞ்சா உடைஞ்சுடுவாரு" என்றார். பாசத்தில் கேட்கிறார். குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்று ராத்திரி ட்ரிப்ஸ் பார்க்கப் போனபோது பெரியவர் விழித்திருந்தார். "ஏன் அம்மணி, எனக்கு வந்திருக்கறது அதுதானே?"

நோயின் பெயரைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால், கேட்கிறவரிடம் பொய் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. தெரிய வேண்டாம் என்று நோயாளியே சொன்னால் அது வேறு. அதையும் மதிக்க வேண்டும். இவரோ கேட்கிறார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எத்தனை நாளா இப்படி நெனைக்கிறீங்க?" என்றேன்.

"வந்தப்பவே தெரியும். பையன் தாங்கமாட்டான்னு வாயைத் திறக்கல."

அப்பாவுக்காக மகனும், மகனுக்காக அப்பாவும் ஒரே விஷயத்தை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! "இதை நான் அவர்கிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலையாட்டினார். மறுநாள் டாக்டர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். நானும் கூட நின்றேன்.

சாவு நெருங்குகிறது என்று தெரிந்தவர் மனம் கடக்கும் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளை எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் எழுதினார். வார்டில் அவை வரிசையாக வந்து நான் பார்த்ததில்லை. காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். ஒரே வீட்டில் அப்பா ஏற்றுக்கொண்டிருப்பார், மகன் இன்னும் மறுத்துக்கொண்டிருப்பார்.

அப்புறம் அவர்கள் பேசியதெல்லாம் நடைமுறைதான். மருந்து ஏற்றிய அன்றே பஸ்ஸில் மலையேறினால் இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி. அதனால் அன்று ராத்திரி சேலத்திலேயே, அஸ்தம்பட்டியில் உறவுக்காரர் வீட்டில் தங்குவது என்று முடிவானது. வாய்ப்புண்ணுக்குக் காரமில்லாமல், ஆறவைத்த கஞ்சி. இப்போது வலி தணிக்கும் கவனிப்புக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். அன்று அந்த வசதி இல்லை. புண்ணைக் கழுவி மருந்து வைக்க மகனுக்கு நானே கற்றுக் கொடுத்தேன். முதல் நாள் கை நடுங்கியது.

டிஸ்சார்ஜ் அன்று பெரியவர் மகனிடம், வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக்கில் ஏறியிருக்கும் மிளகுக்கொடியில் எதை முதலில் பறிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகன் என்னிடம் ஒரு பேனா கேட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.