பன்னிரண்டு மணி டேட்டா

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூருவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக இருக்கிறேன். அல்சூர், ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருவார்கள். உட்கார்ந்ததுமே அம்மாக்கள் கேட்பது, "மேடம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கலாம்?" என்றுதான்.

உலக சுகாதார நிறுவனம் வீடியோ கேம் அடிமைத்தனத்தைத் தன் நோய்ப் பட்டியலில் ஒரு நோயாகவே சேர்த்து, அந்தப் பட்டியல் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் மணிக்கணக்கே கிடையாது. கை கட்டுப்பாட்டில் இல்லை, சாப்பாடு, படிப்பு எல்லாம் பின்னுக்குப் போய்விட்டது, கெடுதல் தெரிந்தும் விட முடியவில்லை. இதெல்லாம் சேர்ந்து பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் நோய் என்பார்கள். ஆகவே லீவு நாளில் மூன்று மணி நேரம் விளையாடிய பிள்ளைக்குப் பட்டம் கட்டாதீர்கள். போன் பார்ப்பதால் எது காணாமல் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் முதலில் போவது தூக்கம்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். தினசரி ஒன்றரை ஜிபி டேட்டா சாயங்காலமே தீர்ந்துவிடும். இரவு 12 மணிக்குப் புது டேட்டா வரும் அல்லவா? அதற்காக விழித்திருப்பான். ஒரே அறை வீடு. அம்மா பக்கத்தில் தூங்க, போர்வைக்குள் சத்தத்தை அணைத்துவிட்டு மூன்று மணி வரை கேம். காலையில் முதல் பீரியடிலேயே தலை சாயும். உடம்பில் சத்து இல்லை என்று அந்த அம்மா பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்!

போனைப் பிடுங்கிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் போன் இருக்கவே இருக்கிறது. யாரோடு விளையாடுகிறாய் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வகுப்பில் அவனைச் சீண்டுவார் இல்லை. கேமில் அவன்தான் டீம் லீடர். அந்த மரியாதையை யார் விடுவார்கள்? அப்புறம் வகுப்பாசிரியரிடம் பேசி, கேரம் அணியில் சேர்த்தோம். வீட்டில் ஒரே ஒரு விதி: இரவு பத்து மணிக்கு எல்லாப் போனும் சமையல் மேடையில் சார்ஜில். அப்பா போனும்தான். பையனைவிட அப்பாதான் அதிகம் முரண்டு பிடித்தார்.

இதற்கும் மசியாத பிள்ளைகள் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் 'ஷட்' கிளினிக் நடக்கிறது. அவ்வளவு தூரம் போகத் தயக்கமென்றால் அரசின் மனநல ஆலோசனை போன் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். பிள்ளை பேச மறுத்தால் நீங்களே கூப்பிட்டு யோசனை கேளுங்கள்.