பனியில் நின்ற கோல்கீப்பரும் பூட்டிய கேட்டும்

(ஏற்காட்டில் டிசம்பர் 26 அன்று நடந்த எழுவர் கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பில் பேசியது. விட்டுப்போன இரண்டு வரிகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே வந்து சேர்ந்த சிறப்பு விருந்தினர் அவர்களே, கோப்பைச் செலவை ஏற்றுக்கொண்ட காப்பித் தோட்டத்து ஐயா அவர்களே, முந்தாநாள் நள்ளிரவுப் பூசையிலிருந்து இன்னும் சரியாகத் தூங்காத பங்குத்தந்தை அவர்களே, அனைவருக்கும் வணக்கம். காலையிலிருந்து ஓடிய ரெஃப்ரி ஐயா ஓரமாக நிற்கிறார். யாராவது அவருக்கு ஒரு நாற்காலி கொடுங்கள். ஒன்றியக் கவுன்சிலரை விட்டுவிட்டேன் என்று இப்போது சீட்டு வந்திருக்கிறது. மன்னிக்க வேண்டும், அவர்களுக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஒன்று, பண்டிகைக்கும் பந்துக்கும் உள்ள உறவு. இரண்டு, விடிய விடிய மேட்ச் பார்ப்பவன் வீட்டில் சண்டை இல்லாமல் இருப்பது எப்படி. மூன்று, ஆஃப்சைடு விதி.

அதற்கு முன்னால் ஒன்று. ஃபைனலில் தோற்ற அணியின் தம்பி ஒருவர், மைதானம் ஏரிப் பக்கமாகச் சரிகிறது, அதனால்தான் தோற்றோம் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் அம்மா ஒரு நாளைக்கு நாலு முறை சொல்லும் பழமொழி இது. பாதி ஆட்டத்துக்கு அப்புறம் பக்கம் மாறினீர்களே தம்பி, சரிவும் உங்களோடு மாறி வந்ததா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பாக்சிங் டே. குத்துச்சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேலை செய்பவர்களுக்குப் பெட்டியில் அன்பளிப்பு கொடுத்த நாள், நம்மூரில் தபால்காரருக்குத் தீபாவளி இனாம் கொடுப்பது மாதிரி. ஆலைக்காரனுக்கு லீவு கிடைத்தால்தானே பந்தாட்டம்? அதனால் ஷெஃபீல்டு பக்கம் 1860லேயே இரண்டு கிளப்புகள் இந்த டிசம்பர் 26ஆம் தேதியில் மோதியிருக்கின்றன. 1963ல் இதே நாளில், அப்போது அங்கே உச்ச லீக்காக இருந்த முதல் டிவிஷனில் பத்து ஆட்டம், அறுபத்தாறு கோல். ஃபுல்ஹாம் இப்ஸ்விச்சைப் பத்துக்கு ஒன்று என்று அடித்தது. இரண்டே நாளில் அதே இப்ஸ்விச் அதே ஃபுல்ஹாமை நாலுக்கு இரண்டு என்று திருப்பி அடித்தது. பத்து வாங்கியவன் கூடம் கோணல் என்று வீட்டில் உட்காரவில்லை.

இப்போது வெளியே பார்த்தீர்களா? மூடுபனி இறங்குகிறது. லேடீஸ் சீட் காட்சி முனையில் இப்போது நின்றால் கீழே சேலம் என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாது. இந்தப் பனியைப் பார்த்தால் எனக்கு சாம் பார்ட்ரம் ஞாபகம்தான் வரும். சார்ல்டன் அணியின் கோல்கீப்பர். 1937, கிறிஸ்துமஸ் நாள். அந்தக் காலத்தில் அன்றைக்கே ஆட்டம் வைப்பார்கள். லண்டனில் செல்சி மைதானம். ஆட்டம் நடக்கும்போதே எதிர்க் கோலின் பக்கத்திலிருந்து பனி கிளம்பி இவரை நோக்கி வருகிறது. முதலில் எதிர்க் கோல் மறைந்தது. அப்புறம் நடு மைதானம். அப்புறம் ஆட்கள். இவருக்குப் பயமில்லை, சந்தோஷம்தான். நம்ம பசங்கள் அந்தப் பக்கமே முற்றுகை போட்டிருக்கிறார்கள், அதனால்தான் ஒருத்தனும் இங்கே வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். கோல் லைனில் இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடை. ஆனால் கோல் விழுந்த மாதிரியும் தெரியவில்லை. விழுந்திருந்தால் நம்மவர்கள் திரும்பி வந்திருப்பார்களே? கண்ணை இடுக்கிப் பார்க்கிறார். வெள்ளை. காதைத் தீட்டிக் கேட்கிறார். சத்தமே இல்லை. அப்புறம் பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் மெதுவாக வருகிறது. ஃபார்வர்டு வருகிறான் என்று பார்த்தால், போலீஸ்காரர்! இங்கே என்னய்யா செய்கிறாய், ஆட்டத்தை நிறுத்திக் கால் மணி நேரம் ஆகிறது, மைதானத்தில் ஒருத்தரும் இல்லை என்கிறார். நம்மூர்ப் பையனாக இருந்தால் போலீஸைக் கண்டதும் சுவர் ஏறிக் குதித்திருப்பான். இவர் தட்டுத் தடுமாறி உள்ளே போனால், கூட்டாளிகள் குளித்துத் துணி மாற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

(கைதட்டலுக்கு நன்றி. மைக் செட் தம்பி, கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கள், கீச்சென்கிறது.)

இரண்டாவது விஷயம். இன்றைய இங்கிலாந்து ஆட்டங்கள் நம்மூர் நேரக் கணக்கில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் எட்டரை, பதினொன்று, ஒன்றரை என்று போகும். மூன்றரைக்கு டிவியை அணைத்துத் தலை சாய்த்தால், மார்கழி மாசம், நாலரைக்கு வீட்டுக்காரம்மா வாசல் தெளிக்கும் சத்தம். "உங்களுக்குக் கோல், எனக்குக் கோலம்" என்றார் ஒரு நாள். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. இரண்டாவது விஷயம் முடிந்தது.

வீட்டுக்காரம்மா பேச்சு வந்ததால் பெண்கள் ஆட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போர் சமயத்தில் பிரஸ்டன் என்ற ஊரில் டிக் கெர் என்ற ஆலை. அங்கே வேலை பார்த்த பெண்கள் 1917 கிறிஸ்துமஸ் அன்று பந்தாட இறங்கினார்கள், காயம்பட்ட வீரர்களின் ஆஸ்பத்திரிக்காக நிதி திரட்ட. மூன்று வருஷம் கழித்து, 1920 பாக்சிங் டே விடுமுறையில், லிவர்பூல் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர். உள்ளே இடமில்லாமல் வெளியே ஆயிரக்கணக்கில் கூட்டம். அடுத்த வருஷம் டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்துப் பெரியவர்கள் கூடி, இந்த ஆட்டம் பெண்களுக்கு ஒத்துவராது, எந்த கிளப்பும் இவர்களுக்கு மைதானம் தரக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அந்தத் தடை போக ஐம்பது வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு, பெண்கள் ஆட்டத்தில் வேகம் இல்லை, கூட்டம் வராது என்று அவர்களே பேசினால்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், சரி. கூடத்தையே பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு ஆடத் தெரியவில்லை என்பவரை என்ன சொல்வது? எங்கள் அம்மாவிடம் அதற்குப் பழமொழி கிடையாது.

நான் இன்று மலையேறி வந்ததே இதைச் சொல்லத்தான். 2022 டிசம்பர் 18, கத்தாரில் உலகக் கோப்பை ஃபைனல். எங்கள் தெருவில் டிவியைத் திண்ணைக்கு இழுத்து வைத்தோம். எட்டரை மணி ஆட்டம். மெஸ்ஸி இரண்டு, எம்பாப்பே மூன்று, மூன்றுக்கு மூன்று, கடைசியில் பெனால்டியில் அர்ஜென்டினா. தட்டுவடை செட்டைக் கையில் பிடித்தபடி தின்ன மறந்து நின்ற பையன்களை நான் பார்த்தேன். அந்த வாரக் கடைசியில் அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் அத்தனை பேரும் பக்கத்துப் பள்ளி மைதானத்துக்கு ஓடினார்கள். கேட்டில் பூட்டு, சங்கிலி. வாட்ச்மேனைக் கேட்டால் உத்தரவு இல்லை என்றார். எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன், அவர் பாவம், சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். பையன்கள் சுவர் ஏறினார்கள். சுவர் மேல் சிமெண்டில் பதித்த பாட்டில் சில்லு. ஏழாவது படிக்கும் பையனுக்குத் தொடையில் ஆறு தையல். தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். வழியெல்லாம் அவன் ஒன்றுதான் கேட்டான்: "தாத்தா, பந்து உள்ளேயே கிடக்குது, யாராவது எடுத்தாங்களா?"

அவன் தங்கைக்கு அந்தச் சுவரும் கிடையாது. அவள் கேட்டுக்கு வெளியே செருப்பு இரண்டை வைத்து கோல் போட்டு, தனியாக உதைத்துக்கொண்டிருந்தாள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018ல் தேசிய சாம்பியன். சேலத்திலிருந்து ஒரு பெண் அதில் ஆட வேண்டாமா? வருஷம் முழுக்க டியூஷன். பிள்ளைகளுக்குக் கையில் நேரம் இருப்பது அரையாண்டு லீவு, பொங்கல் லீவு, மே மாதம். சரியாக அந்த நாட்களில்தான் மைதானத்துக்குப் பூட்டு.

எங்கள் கோரிக்கை மனுவில் மூன்றே வரி. லீவு நாட்களில் காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நாலிலிருந்து ஆறரை கேட் திறந்திருக்க வேண்டும். மாலையில் ஒரு மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும். சாவிக்கும் சேதத்துக்கும் பொறுப்பேற்று நாலு பெரியவர்கள் எழுதிக் கொடுப்போம். முதல் கையெழுத்து என்னுடையது. சிறப்பு விருந்தினர் இரண்டாவது கையெழுத்துப் போடுவார் என்று நம்புகிறேன். காரில் ஏறுவதற்குள் ஆள் அனுப்புகிறேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆஃப்சைடை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். தாள் டீ மேஜை மேல் இருக்கிறது, பேனாவை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள். பரிசு வாங்க வேண்டிய கோல்கீப்பர் தம்பியை இன்னும் மேடைப் பக்கம் காணோம். யாராவது டார்ச் எடுத்துக்கொண்டு மைதானத்தில் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.