2023இல் ஏன் ஒரு புள்ளிகூட இல்லை?

சரி, அடுத்த கேள்வி. வெள்ளவத்தையிலிருந்து ஒரு உயர்தர மாணவர் அனுப்பியிருக்கிறார். "சேர், உற்பத்திப் புள்ளியை (0, 0, 0) மையமாகக் கொண்ட ஒரு கோளம். ஆரையின் வர்க்கம் 2023. மூன்று ஆள்கூறுகளும் நிறைவெண்களாக வரும் புள்ளிகளை அதன் மேற்பரப்பில் தேடப் புரோகிராம் எழுதினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கே பிழை?"

தம்பி, பிழையே இல்லை. அந்தக் கோளத்தில் அப்படி ஒரு புள்ளியும் கிடையாது. கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம்.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் எப்போதும் சொல்வதுதான்: தேடுவதற்கு முன் எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். புள்ளி கோளத்தின் மேற்பரப்பில் இருக்க வேண்டுமானால், அதன் மூன்று ஆள்கூறுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் ஆரையின் வர்க்கம் வர வேண்டும். எந்த வர்க்கத்தையும் எட்டால் வகுத்தால் மீதி 0, 1, 4 இந்த மூன்றில் ஒன்றுதான். இவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் மீதி 7 வராது. 2023க்கு மீதி 7. முடிந்தது கதை.

உங்கள் புரோகிராமில் மூன்று லூப். ஒவ்வொன்றும் -44இலிருந்து 44 வரை, ஏழு இலட்சம் தடவைக்கு மேல் ஓடுகிறது. இரண்டு லூப் போதும். 2023இலிருந்து இரண்டு வர்க்கங்களைக் கழித்து, மிஞ்சுவது வர்க்க எண்ணா என்று பார்த்தால் 7921 தடவையோடு வேலை முடியும்.

இன்னொன்று. ஆரையின் வர்க்கம் நான்கால் வகுபட்டால் மூன்று ஆள்கூறுகளும் இரட்டை எண்களாகத்தான் இருக்க வேண்டும். இதற்கும் அதே மீதிதான் காரணம், ஒருதரம் எழுதிப் பாருங்கள். ஆகவே நான்கால் வகுத்துச் சின்னக் கோளத்தில் தேடி, கிடைத்ததை இரட்டித்தால் போதும். அதனால்தான் ஆரை 1, 2, 4, 8 என்று எவ்வளவு பெருத்தாலும் அதே 6 புள்ளிகள். ஆரை 3க்கோ 30 புள்ளிகள். வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதியபோது பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "சேர், 1024க்குமா?" என்று கேட்டாள். ஆமாம், 1024க்கும் ஆறேதான்.

ஆனால் தம்பி, நீங்கள் இதைக் கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன்: முடிந்தவரை நான்கால் வகுத்துக்கொண்டே போய், கடைசியில் எட்டால் வகுக்கும்போது மீதி 7 வராவிட்டால் புள்ளி நிச்சயம் உண்டா? உண்டு. இல்லை என்று காட்ட ஒரு வரி போதும். உண்டு என்று காட்டத்தான் பெரிய ஆட்கள் வேண்டியிருந்தது. பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் 1798இல் அதைச் சொன்னார், 1801இல் ஜேர்மன் கணிதர் கவுஸ் எத்தனை புள்ளிகள் என்பது வரைக்கும் போனார். அதற்கும் முன்பே, 1796 ஜூலை 10, பத்தொன்பது வயதில், கவுஸ் தன் நாட்குறிப்பில் "யுரேக்கா" என்று கிரேக்க எழுத்தில் எழுதி, எந்த எண்ணும் மூன்று முக்கோண எண்களின் கூட்டுத்தொகை என்று குறித்தார். நீங்கள் சின்ன வகுப்பில் புள்ளி வைத்துப் படித்த அதே 1, 3, 6, 10 என்ற முக்கோண எண்கள்தான், 0உம் சேர்த்தி. ஒரு முக்கோண எண்ணை எட்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் ஒற்றை எண்ணொன்றின் வர்க்கம் வரும். மூன்றையும் அப்படி மாற்றிக் கூட்டினால் மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகை, எட்டால் வகுத்தால் மீதி 3. ஆகவே அவர் எழுதியதும் நம்முடைய கோளம்தான், மீதி 3 வரும் கோளம்.

2023ஐ விட்டுவிட்டு 2019ஐப் போட்டு ஓட்டுங்கள். மீதி 3. கையாலேயே வரும்: 43, 11, 7. முக்கோண எண்களில் அது 231, 15, 6. கூட்டினால் 252. அதை எட்டால் பெருக்கி மூன்றைக் கூட்டுங்கள், 2019 வரும்.