கொடிமலை மண்ணுக்குள்ள ஒரு அரணை

வணக்கம் நேயர்களே, பசியாறிட்டீங்களா? மைக்க ஆன் பண்றதுக்கு முன்னாடியே அறிவிப்பாளர் தங்கச்சி, "சார், அரணை கடிச்சா மரணம்தானே"ன்னு கேட்டுட்டாங்க, எங்க பாட்டியும் தோட்டத்து லயத்துல இதையேதான் சொல்லும். அரணைக்கு வெஷமே கிடையாதுங்க. மலாய்க்காரங்க மெங்காரோங்னு சொல்லுவாங்களே, அதே ஆளுதான்.

நம்ம பினாங்குக் கொடிமலைக்கு ரயில்ல ஏறிப் போறோம், முருகன் கோயில்ல சாமி கும்பிட்டுட்டு எறங்கிடுறோம், ஆனா அந்த மலை மண்ணுக்குள்ள பினாங்கு பேரையே வெச்சுக்கிட்டு ஒரு அரணை இருக்கு, லாரூத்தியா பினாங்கென்சிஸ். 2003லதான் அதுக்குப் பேரே வெச்சாங்க. லாரூத்தியாங்கிறது வீட்டுப் பேரு மாதிரி, அதுல பத்து வகைகூட தேறாது. தைப்பிங்கு பக்கத்துல லாரூட் மலை இருக்குல்ல, அங்க கெடைச்ச ஒண்ண 1900ல பூலஞ்சர்னு ஒருத்தர் எழுதி வெச்சாரு, அப்போ போட்ட பேரு லைகோசோமா. லைகோசோமாங்கிறது அந்தக் காலத்துக் கோணிப்பை, எந்த அரணைய எங்க வெக்கிறதுன்னு தெரியலைன்னா அதுக்குள்ள போட்டுருவாங்க. 1981ல ஜெர்மன்காரர் பியோமே வந்து இதுகள தனியா எடுத்து, அந்த மலைப் பேரையே வெச்சாரு.

இதுகளுக்கு ஒடம்பு நீளம், காலு ஏதோ ஒட்டி வெச்ச மாதிரி துளியூண்டு, அதுல அஞ்சு வெரலும் இருக்காது. மண்ணுக்குள்ள வாழ்றதுக்கு கால் இடைஞ்சல்தானே. சரி, கால் சின்னதா இருக்கிறதெல்லாம் சொந்தக்காரங்கன்னு வெச்சுக்கலாமான்னா, அங்கதான் மாட்டிக்குவோம், ஏன்னா அரணைக் கூட்டத்துல கால் தேயிறது தனித்தனியா பல தடவ நடந்திருக்கு. அதனால செதிலு, எலும்பு, இப்போ டிஎன்ஏ எல்லாம் பார்க்க வேண்டியிருக்கு. நம்ம வீட்டுப் பூந்தொட்டிக்கு அடியில வழவழன்னு ஒண்ணு ஓடுமே, பௌரிங் அரணை, அதையும் 2019ல லைகோசோமாலேர்ந்து தூக்கி சப்டோலுசெப்ஸ்னு மாத்திட்டாங்க, சொல்லவே வாய் கோணுது. அதுக்கும் குட்டைக் காலுதான், ஆனா அஞ்சு வெரல் இருக்கும்.

ஒரு தடவ மழை விட்டதும் மலையில நடந்து எறங்கினேன், மக்கிப்போன கட்டைய பெரட்டினா பளபளன்னு ஒண்ணு, மண்புழுவோ குட்டிப் பாம்போன்னுதான் நெனச்சேன், கண்ண மூடித் தெறந்துச்சு பாருங்க, பாம்புக்கு ஏது இமை! கண்ணாடிய எடுத்து மாட்டி வெரல எண்ணலாம்னு குனியிறதுக்குள்ள, வாலு மட்டும் மண்ணுக்குள்ள போறது தெரிஞ்சிச்சு.